பட்டியலில் ஒன்பதாவது

நாய்க்குச் சோறு வைக்க யாரையாவது அனுப்புங்கள் ஐயா. ஏற்காட்டில் என் வாடகை அறையில்தான் கட்டிக் கிடக்கிறது. மற்றதை நிதானமாகச் சொல்கிறேன், எனக்கு அவசரமில்லை.

நான் எஸ்டேட் ரைட்டர். பத்து வருடமாக, வேலைக்கு வந்த ஆட்களின் பேரை நோட்டில் எழுதுகிறவன். எழுத்தில் இருப்பதை மீறிப் பழக்கமில்லை. தலைச்சோலை வீட்டுப் பக்கம் போகக் கூடாது, மனைவி சசிகலாவிடம் பேசக் கூடாது என்று கோர்ட் உத்தரவு போட்டதும், மறுபேச்சில்லாமல் அறை எடுத்துக்கொண்டேன். அவள் கோர்ட்டில் சொன்னதில் பாதி மிகை. கை நீட்டியிருக்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. எந்த வீட்டில் இல்லை?

என் சாமான்களை எடுத்துவர ஒரே ஒரு முறை, அரை மணி நேரம், போலீஸ் துணையோடு போகலாம் என்றார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்தேன். துணிமணி, சான்றிதழ், ஸ்வெட்டர், காப்பிச் செடி கவாத்து செய்கிற கத்தி, இப்படி. ஒன்பதாவதாக, நாய், கழுத்து மணியோடு.

வியாழக்கிழமை காலை கூட வந்த ஏட்டம்மா அற்புதம் அதைப் படித்துச் சிரித்தார். சசிகலா சிரிக்கவில்லை.

"அக்கா, நாய மட்டும் வுட்டுட்டுப் போகச் சொல்லுங்க. சுத்தியும் காப்பித் தோட்டம். நொம்பத் தனியான ஊடுங்க."

"ஊசி போட்ட கார்டுல அவரு பேருதான் இருக்குது கண்ணு. நா என்ன பண்ணட்டும்?"

நியாயமான பேச்சு. மஞ்சக்குட்டையிலிருந்து குட்டியாக அதைச் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவன் நான். பால் ஊற்றி, செவலை என்று பேர் வைத்தவன் நான். ஆனால் போன வருடம் அவள்மேல் கை ஓங்கியபோது, செவலை குறுக்கே வந்து பல்லைக் காட்டியது. அன்றிலிருந்து என் காலடி கேட்டாலே குரைக்கும். குரைத்தால் பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் வந்து எட்டிப் பார்ப்பார். சோறு போட்டவனையே அப்படிக் காட்டிக் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்காது? எனக்கு வலித்தது ஐயா. நாய்கூட அவள் பக்கம் போய்விட்டதே என்று பல நாள் தூங்கவில்லை.

சங்கிலியைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. ஜீப் வரை தூக்கிக்கொண்டு போனேன். ஏட்டம்மா ஒன்பதுக்கும் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மூடுபனி இறங்கியது. நாயை அறையில் கட்டிவிட்டு, அதன் மணியை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தோட்டத்து வழியாக நடந்தேன். கத்தி இடுப்பில் இருந்தது. எஸ்டேட்காரன் இடுப்பில் கத்தி இருப்பது அதிசயமில்லை. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. நான் தட்டவில்லை, கூப்பிடவில்லை. பேசக் கூடாது என்பதுதானே உத்தரவு. மணியை ஆட்டினேன்.

"செவல? வந்துட்டியா சாமி?"

அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதே கிடையாது. தாழ்ப்பாளைத் திறந்தது அவள்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள். நாயைத் தூக்குவதற்காகக் குனிந்தபடியேதான் கதவைத் திறந்தாள். அதனால் முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று முறை வெட்டினேன். பெரியண்ணன் தன் தோட்டத்தில்தான் வேலையாக இருந்தார். நாய் குரைக்காததால் அவர் வரவில்லை.

அறைக்குத் திரும்பிக் கை கழுவிவிட்டுச் சோறு வைத்தேன். செவலை முகர்ந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது. இரண்டு நாளாக என் கையால் எதுவும் தின்னவில்லை. ஏன் என்றுதான் எனக்குப் புரியவில்லை. அதை நான் ஒரு நாளும் அடித்ததே இல்லை ஐயா.