ஒரே லீவுல முடிஞ்சிரும்னு

இல்ல சிஸ்டர், அந்தத் தேதி பெரியவளோடது. அத அடிச்சிருங்க. முதல்ல பெரியவ, பதினஞ்சு நாள் கழிச்சு சின்னவ, அதுக்கு மறுநாளே எங்க வீட்டுக்காரரு. ஆமாங்க, மூணு பேருக்கும் அதே அம்மைதான். பிள்ளைங்க ரெண்டும் தேறிடுச்சுங்க. சோறு பத்தலன்னு சின்னவ சண்ட போடுறாளாம், அவங்க அத்த போன்ல சொன்னாங்க. இவருதான் இப்படி... அந்த மிஷின் ஏன் சிஸ்டர் கத்துது? ஒண்ணுமில்லையா? சரிங்க.

வேலையா? பஸ் கண்டக்டருங்க. இதுவரைக்கும் காய்ச்சல்னு ஒரு நாள் படுத்தவரில்ல. இப்போ அம்மை நுரையீரல்ல இறங்கிருச்சு, ரெண்டு நாள் தாண்டட்டும், அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்னு டாக்டர் சொல்லிட்டுப் போறாரு. வளந்தவங்களுக்கு வந்தா இப்படித்தான் முத்திருமாம். எனக்கா? ஏழு வயசுலயே வந்துட்டுப் போயிருச்சு. இவருக்கும் அப்படி வந்துட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன். கேக்கணும்னு தோணல, பாழாப்போன புத்தி.

பெரியவளுக்கா? ஸ்கூல்லதான். வகுப்புல மூணு பேருக்கு இருக்குன்னு டீச்சர் சொல்லித்தான் அனுப்புனாங்க. தனியா படுக்க வைங்கன்னும் சொன்னாங்க. சொன்னாங்க, சொன்னாங்க, யாரு இல்லன்னா? ரூமும் ரெண்டு இருக்கு.

நான் சட்டை தைக்கிற கம்பெனில காலர் வைக்கிறேன். ஒரு லீவுக்கே சூப்பர்வைசர் ஒம்பது கேள்வி கேப்பான். பெரியவளுக்குப் பத்து நாள், அப்புறம் சின்னவளுக்குப் பத்து நாள்னு போய் நின்னா, நீ அப்படியே வீட்லயே இரும்மான்னுருவான். எங்க டேபிள்ல எல்லாரும் சொல்றதுதான், ஒண்ணுக்கு வந்தா இன்னொண்ணையும் பக்கத்துல போட்டுரு, ஒரே லீவுல முடிஞ்சிரும்னு. போட்டேன். ஒரே போர்வை, குடிக்கிற டம்ளர் கூட ஒண்ணுதான். அது வெளிய வர ரெண்டு வாரம் ஆகும்னு ஒரு புண்ணியவதியும் சொல்லல. லீவு முடிஞ்சு நான் வேலைக்குப் போயி நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் சின்னவளுக்கு உடம்பே சுடுது! சிரிப்பா இல்ல?

இவருகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா சின்னவளத் தூக்கிட்டு அன்னைக்கே அவங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்பாரு. பெரியவ உடம்புல இருந்ததக் கொசுக்கடின்னேன். ரெண்டு நாள் நம்பிட்டாரு மனுசன். டூட்டி முடிஞ்சு வந்தா பிள்ளைங்களுக்கு நடுவுல படுத்துக் கதை சொல்லணும், இல்லன்னா ரெண்டும் தூங்காது. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன் சிஸ்டர். வேணாங்க, இந்தப் பக்கம் வந்து படுங்கன்னு ஒரு வார்த்தை வாய்ல வரல.

இதையெல்லாமா எழுதுறீங்க? எழுதிக்கோங்க. அவரு காதுல மட்டும் போட்டுராதீங்க. அவரு வேற நெனச்சுக்கிட்டிருக்காரு. பஸ்ல அம்மை போட்ட குழந்தை ஒண்ணத் தூக்கி சீட்ல உக்கார வச்சாராம், அந்தச் சட்டையோடயே வந்து பெரியவளத் தூக்கிட்டாராம். காலைல மாஸ்க்க விலக்கிட்டு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. பிள்ளைங்களுக்கு நாந்தாண்டி கொண்டாந்து கொடுத்துட்டேன், என்னை மன்னிச்சிருன்னு ஒரே அழுகை. மூச்சு விடவே முடியல, அதுலயும் அழறாரு.

நான் என்ன சொன்னேனா? பரவாயில்லைங்க, தெரியாம செஞ்சதுதான, மன்னிச்சிட்டேன், தூங்குங்கன்னுட்டேன்.