மேசையில் தோற்ற ஆட்டம்

"ஹலோ... ஆமா, ஒர்நெல்லாதான்... யாரு? ... எர்மன்னோவா! அடேங்கப்பா, கஸ்தெல்மோரா ஃபுட்பால் கிளப் செக்ரட்டரி சார்! மூணு வருஷமா என் நம்பர் தொலைஞ்சு கெடந்துச்சே, இன்னிக்குக் கெடச்சிடுச்சா? ... தொந்தரவெல்லாம் இல்ல. ஜெர்சி தொவைச்சிட்டிருக்கேன்... நானேதான். சின்ன கிளப்பு சார். மேனேஜரும் நான்தான், தொவைக்கிறவளும் நான்தான்."

பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியிலிருந்த சலவை அறையில் ஒர்நெல்லா மெஷினை நிறுத்தினாள். இந்தக் குரலில் ஒரு மூச்சைக்கூடத் தவறவிட அவளுக்கு மனமில்லை.

"அம்மா நல்லாருக்காங்க... மழையா? இங்க மழை இல்ல. சார், மழையக் கேக்கவா போன் பண்ணீங்க? ... ம்... ம்... ஆமா, நேத்து சாயங்காலம் நான்தான் அனுப்பினேன். நேத்து மேட்ச் பத்திப் புகார் தரப்போறோம்னு லீக்குக்கு முன்தகவல். உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பணும்னு விதி, அனுப்பினேன்... இல்ல, முழுப் புகார் இன்னும் போகல. புதன்கிழமை வரைக்கும் டயம் இருக்கு. போகலன்னா நேத்து அனுப்பின தாளு குப்பை... தெரியும் சார். இந்த விதியெல்லாம் எனக்குக் கத்துக்குடுத்ததே நீங்கதானே?

"... ஜெயிச்சீங்க, யாரு இல்லேன்னாங்க? ரெண்டுக்கு பூஜ்யம். உங்க நோயெமி, அந்தச் சின்னப் பொண்ணு, என்னமா ஆடுறா! எங்க ஆளு தண்ணி குடிக்க ஓரமா போனாக்கூட பின்னாடியே போறா. என் எடத்துல என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு. ஆனா அவ நேத்து ஆடியிருக்கக் கூடாது. போன சீசன் கடைசி மேட்ச்சுல, பழைய கிளப்புல இருந்தப்ப ரெட் கார்டு வாங்கினா. ஒரு மேட்ச் தடை. அந்தத் தடை இந்த சீசன் மொத மேட்ச்சுக்கு வருது. ஜூன் மாசமே லீக் அறிக்கைல போட்டுட்டாங்க.

"... எப்படிக் கண்டுபிடிச்சேனா? ஜூன் மாசம் அறிக்கைய எவன் படிப்பான், ஊரே கடற்கரைல கெடக்கும்போது! நீங்களும் குடைக்கடியில மல்லாந்து கெடந்திருப்பீங்க. நான் படிச்சேன் சார். மூணு வருஷமா, ஒவ்வொரு ஜூனும். தடை பாக்கி இருக்கிற பொண்ணுங்க பேர எழுதி வச்சுக்கிட்டு, எவ உங்க கிளப்புக்கு வர்றான்னு காத்திருந்தேன். ஜூலைல இவ வந்தா. அன்னிக்கு ஒரு கிளாஸ் ஒயின் குடிச்சேன்.

"... பழிவாங்கறதா? ஆமா. பின்ன என்ன, பாசமா?"

பதினேழு வருடம் பின்வரிசையில் நின்று ஆடியவள் அவள். விடிந்தால் மீன் தொழிற்சாலை, பொழுது சாய்ந்தால் பயிற்சி. பெண்களும் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான் என்று நாடு ஒருவழியாகக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபோது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அந்தக் காகிதம் ஒரே ஒரு சீசன் அவள் கையில் இருந்தது.

"பழசா? உங்களுக்குப் பழசு. உங்க கிளப்புக்கு ஆடினப்ப, பயிற்சி முகாம்ல உங்க மேசை முன்னாடி நின்னு சொன்னேனா இல்லையா, 'எனக்கு ஒரு மேட்ச் தடை பாக்கி இருக்கு'ன்னு? 'நீ பந்தப் பாரு, பேப்பர நான் பாத்துக்கறேன்'னீங்க. என்ன பாத்தீங்க? மைதானத்துல ஜெயிச்சோம், தடையில இருந்தவ ஆடிட்டான்னு லீக்காரங்க மேசைல மூணு பூஜ்யம்னு தோத்தோம். வருஷக் கடைசில ஒரே ஒரு பாயின்ட்டுல கீழ் லீக்குல விழுந்தோம். பேப்பர்காரன் கேட்டான். 'அவ மறைச்சிட்டா'ன்னீங்க. அதுக்கப்புறம் எங்கப்பா பார்ல சீட்டாட உக்காந்தா நாலாவது ஆளு வரமாட்டான், தெரியுமா? தனியா உக்காந்து காப்பி குடிச்சிட்டு வருவாரு. சாகற வரைக்கும் அப்படித்தான்!

"... ம். ... என்னது? ... திருப்பிச் சொல்லுங்க. ... நோயெமி மறைச்சிட்டாளா?"

ஒர்நெல்லா ஈரக் கையை மெஷின் மேல் ஓங்கி அறைந்தாள்.

"டேய் எர்மன்னோ! வெக்கமா இல்ல உனக்கு? அதே வாயி, அதே பொய்! மூணு வருஷத்துல புதுசா ஒரு பொய்கூட தயார் பண்ணிக்கலையா நீ? ... மரியாதையா? உனக்கா? ... சரி, கத்தல. கூட யாரு இருக்கா? ... பிரெசிடென்ட்டா? ரொம்ப நல்லது. ஸ்பீக்கர்ல போடு. ... போடு, இல்லன்னா இப்பவே வச்சிடுவேன்... பிரெசிடென்ட் சார், வணக்கம். ஒரு நிமிஷம் கேளுங்க. எர்மன்னோ, மூணு வருஷத்துக்கு முன்னாடி நான் மறைச்சேனா, உன்கிட்ட சொன்னேனா? ... கேக்கல. ... சத்தமா. ... இன்னும் சத்தமா, பிரெசிடென்ட்டுக்கு வயசாச்சு.

"... ஆங். 'சொன்னா. நான்தான் மறந்துட்டேன்.' மூணே மூணு வார்த்தை. இதுக்கு மூணு வருஷம்!"

ஒர்நெல்லா அழுக்கு ஜெர்சி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"... என்ன, இப்பப் புகார அனுப்பமாட்டேனா? எப்பச் சொன்னேன் அப்படி? நெஜத்தச் சொன்னதுக்குக் கூலி கேக்கறியா? ... இரு, யாரு அழறது அங்க? ... நோயெமி அங்கயா இருக்கா? ... போன அவகிட்ட குடு. ... குடுன்னா குடு!

"... நோயெமி? நான் ஒர்நெல்லா. நேத்து மைதானத்துல கை குடுத்தேனே... அழாதடி. நான் அழுது பாத்துட்டேன், ஒண்ணும் நடக்கல. நீ அவன்கிட்ட சொன்னியா? ... எப்ப? ... கூட யார் இருந்தா? ... கோச்சும் இருந்தாங்களா? நல்லது. ... என்ன தாளு? ... 'நான் மறைச்சேன்'னு எழுதி வச்சிருக்கானா? கையெழுத்துப் போட்டுட்டியா? ... வாயத் தொறந்து சொல்லு, போட்டியா இல்லையா? ... போடலையா! அப்பாடி... பேனா கையில இருக்கா? கீழ வை. அந்தத் தாள மடி. மடிச்சு சட்டைக்குள்ள வச்சுக்கிட்டு எழுந்திரு. ... எழுந்திருடி! நேத்து தொண்ணூறு நிமிஷம் எங்க ஆளுங்களையே முட்டித் தள்ளின, இந்தத் தொப்பையனத் தாண்ட முடியாதா? ... கதவு பூட்டலல்ல? நட. ... அது அவன் போனா? இருக்கட்டும், பேசி முடிச்சப்புறம் வாட்ச்மேன்கிட்ட குடுத்துடு. ... கத்தட்டும். அவன் கத்தறது எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா? ... படியில பாத்து எறங்கு... தெருவுக்கு வந்துட்டியா?"

ஒர்நெல்லாவும் எழுந்து நின்றிருந்தாள், மூச்சு வாங்க.

"ம்... கேளு. ... ஆமா. அனுப்புவேன். ... தெரியும், உன் டீம்தான். நீங்க ஜெயிச்ச மேட்ச்சுதான். மேசைல தோப்பீங்க. உனக்காக அத விடமாட்டேன், பொய் சொல்லி உன்ன ஏமாத்தவும் மாட்டேன். ... திட்டு. நல்லாத் திட்டு. ஆனா அந்தத் தாள அவன் போன்லயே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பிட்டுத் திட்டு. புகாரோட அதையும் வைக்கப் போறேன். அப்பத்தான் ஊர்ல இந்தத் தடவை சரியான ஆளத் திட்டுவாங்க.

"... எதுக்கு நன்றி? எங்களுக்கு மூணு பாயின்ட் வருதுடி, பைத்தியம். ... போட்டோ எடுத்தியா? ... வெளிச்சத்துல எடு, எழுத்து தெரியணும். ... ம், வந்திடுச்சு. வை போன."