துரைக்கு இரை இறங்கவில்லை

— மேகமலை பங்களா பட்லர்கிட்ட, மொசல வாங்குன அன்னைக்கே கேட்டேன் சந்தனம். ‘ஏய்யா, துரை யுத்தத்துக்குப் போறாக, துரைசாணி கப்பலேறுறாக, இந்த வெள்ள மொசலு இனி என்னய்யா தின்னும்?’னேன். ‘புல்லத் தின்னும், கொழையத் தின்னும். துரைசாணி மடியில வளந்தது, கொஞ்சம் செல்லம்’னான். ‘நோவு வந்தா எப்படித் தெரியும்?’னேன். ‘அது வாய்விட்டு அழுவாது, நீதான் பாத்துக்கணும்’னான். உன்னையத்தான பாத்துக்கச் சொன்னேன்? பாத்தியா?

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் மச்சான். மொதல்ல அந்த வேட்டிய அவுத்துப் போடுங்க. யாரு ரத்தம் அது?

— ஒச்சாண்டி ரத்தம். நம்ம மொறைத் தண்ணிக்கு மடையில கைய வச்சான். அருவா சும்மா இருக்குமா?

— செத்துட்டானா?

— வெரலுதான். தண்ணியோட போச்சு, அவன் வயலுக்கே போய்ச் சேந்திருக்கும். வேட்டிய விடு. நம்ம மொசலு துரை தின்னுச்சா, அதச் சொல்லு.

— இல்ல.

— திராட்சை வச்சியா?

— வச்சேன். வாழப்பழம் வச்சேன். நீங்க சொன்ன மாதிரி கருப்பட்டி போட்டுப் பெசஞ்ச சோறும் வச்சேன். மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிச்சு.

— மறுவீடு வந்தப்ப எனக்கே உங்க வீட்டுல இப்படிப் போடல. அதுவும் எறங்கலையாக்கும்? பேரு வச்சதுக்கு ஏத்தாப்புல துரையாவே இருக்கான்.

— அந்தச் சோறும் திராட்சையுந்தான் வயித்தக் கெடுத்துச்சு. தொட்டுப் பாருங்க. மெதுவா.

— என்னடி, மத்தளம் மாதிரி வெறச்சு நிக்கிது!

— காத்து அடைச்சிருக்கு. நல்லா இருந்தப்ப கொண்டக்கடலை கணக்கா உருண்டை உருண்டையாப் புழுக்கை போடும். பெறவு மொளகு மாதிரி சிறுத்துச்சு. நேத்துலருந்து அதுவும் இல்ல.

— செத்துருமா?

— இன்னைக்குள்ள வயிறு எளகிச்சுன்னா பொழச்சிரும்.

— அடியே, இது செத்துச்சு, உன்னைய உசுரோட விட மாட்டேன். பாதிக் கழுத்துல நிறுத்துற பழக்கம் எனக்கில்ல.

— தெரியும். ஓமத்தண்ணி ஆற வச்சிருக்கேன். நீங்க மடியில வச்சுப் பிடிங்க, நான் வாயோரத்துல சொட்டுச் சொட்டா விடுறேன்.

— நீயே பிடிச்சுக்கிட்டா என்ன?

— எனக்கு இடது கை மடங்காது மச்சான்.

— எப்பருந்து?

— தையிலருந்து. ஒலக்கையால அடிச்சீகள்ல.

— அது நீ வாயாடுனதுக்கு.

— ஆமா. தலையத் தூக்காதீக, பொரை ஏறிரும். அம்புட்டுத்தான். இனி வயித்த நீவி விடுங்க. அமுக்காம.

— காலையில அருவா பிடிச்ச கையி. இதுல மொசலு என்ன பாடுபடப் போகுதோ. ஏலே துரை, அசையாதடா... சந்தனம்! கரகரன்னு கேக்குது! எதையோ மெல்லுறான்! தின்னுட்டான்டி!

— திங்கல. பல்லக் கடிக்குது.

— ஏன்?

— வலிச்சா அப்படித்தான். கத்தாது. மூலையில ஒடுங்கி உக்காந்து பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்கும்.

— இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? நானும் அந்த மூலையிலதான மச்சான் உக்காந்திருக்கேன்.

— சரி சரி. நான் இல்லாதப்ப இதுக்கு என்ன போட்ட?

— காஞ்ச அருகம்புல்லு. கொஞ்சம் பச்சப்புல்லு, சட்டியில தண்ணி. இனிப்பு ஒண்ணுங் காட்டல. மொதல்ல மொரண்டு பிடிச்சுச்சு, பெறவு பழகிக்கிச்சு. ஆடி பூராவும் நீங்க ஜெயில்ல இருந்தீகள்ல, அப்ப அள்ளி அள்ளித் தின்னுச்சு. வீடெல்லாம் துள்ளித் திரிஞ்சுச்சு.

— ஓ. நான் வந்ததுதான் இவனுக்கு நோவு?

— நான் அப்படிச் சொல்லல.

— அதத்தான்டி சொல்ற! நான் அங்கன களி தின்னுக்கிட்டுக் கெடந்தேன், இங்கன நீயும் மொசலும் துள்ளித் திரிஞ்சீக! எங்க அந்தச் சாட்டக்கம்பு?

— மச்சான், மொசலு மடியில!

— எறக்கி விட்டாச்சு. வாடி இங்கன!

— அய்யோ, தண்ணிச் சட்டி!

— சட்டிதான் செதறுச்சு. அடுத்தது உன் மண்டை. கையக் கீழ எடு! எடுடி!

— என்னைய அப்புறம் அடிங்க. மொதல்ல அதப் பாருங்க. அதோட பின்னங்காலப் பாருங்க மச்சான்!

— என்ன... தரையில டொக்கு டொக்குன்னு அடிக்குது?

— நீங்க கைய ஓங்கும்போதெல்லாம் அடிக்கும். அடிச்சிட்டு மூலைக்குப் போயிரும். அதுக்கப்புறம் அன்னந்தண்ணி தொடாது. நாமதான் ருசிக்குக் கிராக்கி பண்ணுதுன்னு நெனச்சு இனிப்பா மாத்தி மாத்தி வச்சோம். அதுக்குப் பயத்துல வயிறு நின்னுருச்சு. நின்ன வயித்துல கருப்பட்டியக் கொட்டுனா என்ன ஆகும்?

— பயமா? என்னையப் பாத்தா? மேகமலையிலருந்து துண்டுல சுத்தி, நெஞ்சோட அணைச்சு, நடந்தே எறக்குனவன்டி நான். அம்புட்டு மழையிலயும் இதுமேல ஒரு சொட்டு விழல. ஒரு நாளு இத நான் அடிச்சிருப்பேனா?

— அடிக்கல மச்சான். ஆனா நீங்க யார அடிக்கிறீகன்னு அதுக்குத் தெரியாதுல்ல. சத்தந்தான் தெரியும்.

— இந்தக் கம்ப வெளிய எறி. அவன் கண்ணுல பட வேணாம்.

— நீங்களே எறிங்க.

— எறிஞ்சாச்சு. துரை... வாடா. வர மாட்டேங்குதே சந்தனம்.

— ஒடனே வராது. குனிஞ்சு உக்காருங்க. அருகம்புல்ல அது முன்னால போட்டுட்டு வேற பக்கம் பாருங்க. பேசாதீக.

— எம்புட்டு நேரம்?

— பேசாதீகன்னேன்.

— உன் நெத்தியில ரத்தம் வருது.

— சட்டிச்சில்லு பட்டிருக்கும். பேசாம இருங்க.

— சந்தனம்... சந்தனம்! போட்டுட்டான்! ஒரு புழுக்கை போட்டுட்டான்!

— மெதுவா மச்சான், மெதுவா! ஆமா. அந்தா இன்னொண்ணு. புல்லையும் கடிக்குது பாருங்க.

— எஞ்சாமி! பொழச்சிட்டான்! கருப்பனுக்குக் கெடா வெட்டுறேன்டி!

— கெடாவாவது பொழச்சுப் போகட்டும், விடுங்க.

— கேளு சந்தனம். ஒச்சாண்டி ஆளுக சும்மா இருக்க மாட்டாக. இன்னைக்கோ நாளைக்கோ கம்பும் அருவாளுமா வந்து வாசல்ல நிப்பாக. நானும் எறங்கி நிப்பேன். அந்தச் சத்தத்துல இவன் வயிறு மறுபடி நின்னுரும். மார்க்கையன்கோட்டையில உங்க ஆத்தா வீட்டுல விட்டுருவமா? அத்தை கோழியக்கூட அதட்டி வெரட்டாது.

— ஆத்தா நல்லா பாத்துக்கிடும்.

— பொழுது சாயுமுன்ன வண்டியப் பூட்டுறேன். பயந்த சீவன இங்கன வச்சுக் கொல்லக்கூடாது. பாவம்ல?

— பாவந்தான் மச்சான்.

— உன் மொகம் ஏன் இப்படிப் போகுது? இவன் இல்லாம கஷ்டமாத்தான் இருக்கும். பதிலுக்கு என்ன வேணும், கேளு. பொழைக்க வச்சவ நீ. எதுன்னாலும் கேளு.

— எதுன்னாலுமா?

— கருப்பன் மேல சத்தியம்.

— கைய ஓங்காமக் கேப்பீகளா?

— அதான் கம்பத் தூக்கிப் போட்டுட்டேனே.

— நமக்குக் கல்யாணமான மொத ஆடிக்கு ஆத்தா வந்து அழைச்சுட்டுப் போச்சு. ஆடி முடிஞ்சதும் அதுவே கொண்டாந்து விட்டுச்சு. அன்னைக்கு இந்த வாசப்படியில நின்னே கேக்க நெனச்சேன், வாய் வரல. இன்னைக்கு வரைக்கும் வரல.

— அட, என்னன்னுதான் சொல்லேன்.

— துரையோட சேத்து என்னையும் அங்கன எறக்கி விட்டுட்டு, வெறும் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துருங்க மச்சான்.