படத்துக்கு நின்ற வேங்கை

இந்த இடத்தில் ஒரு சின்னக் கதையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பெற்றோர்களே, பின்வரிசைக்கும் கேட்கிறதா? ... நல்லது.

கரிசல் பக்கத்தில் திருமலையப்பன் என்று ஒரு பண்ணையார். அவரிடம் வேங்கை என்று ஒரு சிப்பிப்பாறை வேட்டைநாய். முயல் கண்ணெதிரே ஓடினாலும், அவர் 'நில்' என்றால் நிற்கும். அவர் சீட்டி அடித்தால்தான் அசையும். வேறு யார் கூப்பிட்டாலும் வராது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை!

அந்த நாயை வரைய தேவசகாயம் என்ற ஓவியரை வரவழைத்தார். வேட்டைநாய்களை வெட்டவெளியில் நிறுத்தி வைத்துத்தான் அவர் வரைவார். கூடத்துக்குள் வைத்து வரைந்தால் அது காவல்நாய் மாதிரி இருக்கும் என்பார்.

பங்குனி மாதம். மரமே இல்லாத பொட்டல். வானத்தையும் தரையையும் இரண்டு நாளில் முடித்துவிட்டார். மூன்றாம் நாள் காலையில் பண்ணையார் வந்து, வேங்கையைக் கழுத்தை நீட்டி நிற்க வைத்து, 'நில்' என்றார். நின்றது.

"ஒரு மணி நேரத்துல வந்துருதேன், ஓவியரே" என்று ஜீப்பில் ஏறிப் போனார். போன இடத்தில் விருந்து... பேச்சு...

உச்சி வெயில் வந்தது. நாயைப் பராமரிக்கிற இருளப்பன் ஒரு சட்டியோடு வந்தார்.

"ஐயா, கொஞ்சம் தண்ணி காட்டிக்கிடட்டுமா?"

"குனிஞ்சா நிலை கலைஞ்சிரும்லா! வயித்துக்கடியில நிழல் மட்டுந்தான் பாக்கி. தள்ளும்."

"வாயில நுரை கட்டுதுய்யா..."

"அது நிக்கி, உமக்கு என்ன கால் வலிக்கி? முடியலன்னா அதுவே படுத்துக்கிடும் வே!"

முடியாவிட்டால் அதுவே படுத்துக்கொள்ளும்... இந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருளப்பன் தூக்கிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனார். கிட்டே போய்க் கையை நீட்டினார். வேங்கை பல்லைக் காட்டியது. தினமும் சோறு வைத்த கை அது! ஆனால் நில் என்று சொன்னது வேறு ஆள் அல்லவா? அந்தச் சொல்லைக் காப்பாற்ற, சோறு வைத்த கையையே கடிக்க வந்தது.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது. பண்ணையார் இறங்கினார். சீட்டி அடித்தார்.

வேங்கை திரும்பிப் பார்த்தது. வாலை ஒரு தடவை ஆட்டியது. அவரை நோக்கி நடந்தது... ஒன்று... இரண்டு... மூன்றாவது எட்டு வைக்கவில்லை, அப்படியே சரிந்தது. இருளப்பன் ஓடிவந்து சட்டித் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். அது மண்ணில்தான் ஓடியது.

பண்ணையார் ஓவியரைப் பார்த்துக் கத்தினார்: "காலையிலேர்ந்து அதையேதானவே பாத்துக்கிட்டு இருந்தீரு! உமக்குத் தெரியலையா?"

ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுது ஐயா. கண்ணு சிவந்துக்கிட்டே வந்துச்சு. நான்... சிவப்பு குழைச்சேன்."

படம் பண்ணையார் வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. வருகிறவர்கள் எல்லாரும், 'அடடா, கண்ணில் என்ன உயிர்!' என்றார்கள். இருளப்பன் அதற்குப் பிறகு அந்தக் கூடத்துக்குள் கால் வைக்கவில்லை.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? அடம் பிடிக்கிற பிள்ளையைப் பற்றி எனக்குப் பயமில்லை. அவன் புத்தகத்தை வீசிவிட்டு விளையாடப் போய்விடுவான், தப்பித்துக்கொள்வான். நாலு மணிக்கு எழுந்திரு என்றால் எழுந்து, இன்னும் அஞ்சு மார்க் என்றால் தலையாட்டி, வாய் திறக்காமல் நிற்கிறதே ஒரு பிள்ளை... 'அவளுக்கு என்ன, முடியலன்னா சொல்லுவா' என்கிறீர்களே... சொல்லமாட்டாள். அம்மா, அவள் சொல்லவேமாட்டாள்!

அவள் கண் சிவந்திருப்பதை நீங்கள் பார்க்காமல் இல்லை. பார்க்கிறீர்கள். பார்த்துவிட்டு, 'என் பொண்ணு எப்படிப் படிக்கிறா பாருங்க' என்று பக்கத்து வீட்டில் சொல்கிறீர்கள்.

நில் என்று சொன்னது நீங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டால் வரமாட்டாள், நான் கூப்பிட்டாலும் வரமாட்டாள். சீட்டி உங்கள் வாயில்தான் இருக்கிறது. மூன்று மணி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.