கல் பாதை

வெயில் ஏறுவதற்கு முன்பே புல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட வேண்டும், ஐயா. திருநெல்வேலி வெயிலில் உச்சிப்பொழுதில் விட்டால் வெந்துபோகும்.

ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம், உள்ளே முழுக்க அலுவலகங்கள். சுற்றியுள்ள தோட்டம் என் பொறுப்பு. வாசலிலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு அழகாக வளைத்துக் கல் பாதை போட்டிருக்கிறோம். ஒருத்தரும் அதில் நடப்பதில்லை. பலகை வைத்தேன், கயிறு கட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கயிற்றைத் தாண்டிக் குறுக்கே போனார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாம் மாடிக் கணக்கர் தேவதாசன் நல்ல மனிதர். அதுதான் தொல்லை. நான் சத்தம் போட்ட மறுநாளிலிருந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு புல் நடுவே போனார்.

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. செருப்பக் கழத்திட்டுல்லா போறேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸ விட்டா வீட்ல எம் மவ ஸ்டெபி தனியா இருப்பா."

அவரைப் பார்த்து மற்றவர்களும் செருப்பைக் கழற்றத் தொடங்கினார்கள். மிதிப்பது நிற்கவில்லை. மரியாதையாக மிதித்தார்கள்.

அவர் போகும் வழியில்தான் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சனிக்கிழமை மாலை அந்த வழியாக அவர் ஒருவர்தான் போவார். இரும்பு மூடியை நகர்த்தி, சாக்கை விரித்து, மேலே புல்லைப் பெயர்த்து அடுக்கினேன். பயங்காட்டத்தான். இடுப்பளவு தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்ததாக நேற்று ஸ்டேஷனில் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. காலையில் மோட்டார் போட்டு நிரப்பியவன் நான்.

விழுந்தார். "அண்ணாச்சி, கை குடுங்க" என்றார். அப்போதும் அவர் குரலில் கோபம் இல்லை.

கொடுக்கத்தான் குனிந்தேன். ஆனால் இழுத்தால் ஓரத்துப் புல் பெயர்ந்துவிடும். கூட்டம் கூடும், ஆம்புலன்ஸ் உள்ளே வரும். ஒரு மழைக்காலம் முழுக்க வளர்த்த புல். மூடியைத் தள்ளி மூடினேன்.

புல்லில் கிடந்த அவர் செருப்புகளை எடுத்துக் கல் பாதை ஓரம் சோடியாக வைத்தேன். அவர் அந்தப் பாதைப் பக்கமே போகாதவர் என்று யாரோ உங்களிடம் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். அவரை வெளியே எடுத்த அன்று ஸ்டெபி வந்து புல்லில் நின்று அழுதாள். எனக்கும் மனசு கேட்கவில்லை. "பைய வா பாப்பா, இந்தக் கல்லு மேல நில்லு" என்றேன்.

சொன்னதும் கேட்டாள். அவள் அப்பாவும் கேட்டிருக்கலாம்.