கூப்பிடாத பெயர்

எனக்கு மோர் போதும் ஐயா, டீ குடித்தால் நெஞ்சு கரிக்கிறது. நான் அம்மாசி. பெண்ணையாற்றுத் துறையில் வெள்ளைக்காரன் காலத்து ஆலையைப் பிரிக்கிறோமே, அதற்கு மேஸ்திரி. நேற்று புகைபோக்கியைச் சாய்த்தோம். வேலை சுலபம். அடிச்செங்கலைப் பெயர்த்துப் பனங்கட்டையை முட்டுக் கொடுப்போம். பிறகு தூர நின்று கட்டையைக் கயிற்றால் இழுப்பார்கள். அதற்கு முன் மேஸ்திரி ஒவ்வொருவர் பெயரையும் கூப்பிட வேண்டும். எல்லாரும் வெளியே நின்று குரல் கொடுத்தால்தான் இழுப்பு.

மாயவன் என் மருமகன், ரிஷிவந்தியத்துக்காரன். ஆடிக்கு அழைத்து வந்த என் மகள் அருள்மொழியை ஆவணி போயும் நான் அனுப்பவில்லை. கூட்டிப்போக அவனே வந்தான். இட ஒதுக்கீட்டு மறியலில் ரோடெல்லாம் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் இல்லை. சும்மா இருக்கமாட்டாமல் என்னோடு வேலைக்கு வந்தான். நல்லவன் மாதிரிதான் தெரிவான்.

அவள் முன்கையில் சூட்டுத் தழும்பு இருந்தது. "சோறு வடிக்கச்சொல்ல சட்டி பட்டுடுச்சுப்பா" என்றாள். புருஷனைக் காட்டிக்கொடுக்கிற பெண் எங்கே இருக்கிறாள்? தாயில்லாமல் நான் வளர்த்த பெண் ஐயா. ரோட்டில் மரத்தை எடுத்துவிட்டார்கள் என்றதும் பாடிக்கொண்டே துணி மடித்தாள். பயத்தில் பாடுகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

நேற்று முட்டுக் கொடுத்து முடித்ததும், "மாப்ள, பொகபோக்கி உள்ள கடப்பார கெடக்குது, எடுத்துக்கினு வாங்க" என்றேன். அவன் போனதும் பெயர்களைக் கூப்பிட்டேன். எல்லாரும் துறையிலிருந்து குரல் கொடுத்தார்கள்.

"மாயவன் எங்க மேஸ்திரி?" என்று வீரமுத்து கத்தினான்.

"ரோடு தெறந்துடுச்சுல்ல, ஊருக்குப் பூட்டாரு."

புகைபோக்கிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது. "இன்னா மாமா, எம்பேரக் கூப்புடாமலே ஊருக்கு அனுப்பிட்டீங்க?"

துண்டை அசைத்தேன். இழுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். செங்கல் குவியலைப் புரட்டினால் அவன் கிடைப்பான்.

சொல்லாமல் போய்விட்டான் என்று அருள்மொழி அழுகிறாள். போகப்போகச் சரியாகிவிடும். இனி அவளை யாரும் கூட்டிப்போக வரமாட்டார்கள்.

இன்று காலை அழுதுகொண்டே எனக்குச் சோறு வடித்தாள். சட்டி பட்டுவிட்டது. பழைய தழும்புக்குப் பக்கத்தில் அதே நீளம், அதே வளைவு. அதைப் பார்த்த பிறகுதான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

முதல் சூடு அவன் வைத்ததுதான் ஐயா. அப்படியென்றே எழுதுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.