முகங்களுக்குப் பெயர் கேட்டவன்

படத்தின் பின்புறம் பேனாவால் எழுதக்கூடாது, ஐயா. மை ஊறி முகத்துக்கு வந்துவிடும். பென்சில்தான் நல்லது. சுச்சாவா ஊரிலுள்ள எங்கள் வீட்டில் இதெல்லாம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஈரம் அண்டாத அலமாரியில் நான்கு தலைமுறையின் படங்களையும் காகிதங்களையும் காத்துவந்தேன். ஊராருக்கு அது கிறுக்கு. எனக்கு அதுதான் கோயில்.

ஒரே குறை, பாதிப் படங்களில் இருப்பவர்கள் யாரென்று அப்பா சில்வெஸ்த்ருவுக்கு மட்டுமே தெரியும். அவருக்கோ எலும்பில் புற்றுநோய். இறந்தோர் சனிக்கிழமையன்று தேவாலயத்தில் இனிப்புக் கோதுமையைப் படைப்போம்; பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து வேண்டுவார். பெயர் தெரியாதவருக்கு அங்கே வேண்டுதல் கிடையாது. சொந்தக்காரர்களை அப்படி அநாதையாக விட எனக்கு மனம் வரவில்லை.

அக்கா ஸ்மரண்டா இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அப்பாவின் வலி மாத்திரைகளை அவள்தான் வாங்கி அனுப்பினாள். மாத்திரை போட்டால் அப்பா தூங்கிவிடுவார். விழித்தாலும் பேச்சு குழறும். அதனால் படங்களைக் காட்டிப் பெயர் கேட்டு முடித்த பிறகே கொடுத்தேன். முதலில் கொஞ்ச நேரம்தான் தள்ளிப்போட்டேன். பிறகு மதியம்வரை. பிறகு, ஒழுங்காகப் பெயர் சொன்ன நாட்களில் மட்டும்.

அக்கா தினமும் போன் செய்வாள்.

"லிவியு, அப்பாவுக்கு மாத்திர குடுத்தியாடா?"

"குடுத்தேன்க்கா. அசந்து தூங்குறாரு."

பக்கத்து அறையில் அவர் தலையணையைக் கடித்துக்கொண்டிருப்பார். கத்தினால் மாத்திரை இல்லை என்று சொல்லிவைத்திருந்தேன்.

உறுத்தாமல் இல்லை, ஐயா. சூப் ஊட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சுவரைப் பார்த்துக்கொண்டே ஊட்டுவேன். பாதி சட்டையில் சிந்தும்.

கடைசியில் ஒரு படம் மிஞ்சியது. கறுப்பு வெள்ளை. கடற்கரையில் ஒரு பெண், மடியில் குழந்தை.

"இவங்க நம்ம ஆளுங்க இல்லடா."

"நல்லாப் பாருங்கப்பா."

"உங்கம்மா மேல சத்தியமா தெரியலடா, என் ராசா. மாத்திரையக் குடு."

அப்பாவுக்கு வேறொருத்தியோடு பழக்கம் இருந்ததாக முன்பு ஊரில் ஒரு பேச்சு உண்டு. மறைக்கிறார் என்று முடிவுகட்டினேன். மூன்று நாள் மாத்திரை கொடுக்கவில்லை.

மூன்றாம் நாள் சொன்னார். "எவ்தோக்கியா. புள்ள பேரு இலாரியோன். எழுதிக்க. இப்பவாச்சும் குடுடா."

எழுதிவிட்டுத்தான் கொடுத்தேன். விழுங்க அவருக்குத் தெம்பில்லை. மாத்திரை நாக்கில் கரையாமல் இருக்கும்போதே மூச்சு நின்றுவிட்டது.

அடக்கத்துக்கு வந்த அக்கா, அலமாரியில் பிரிக்காத மாத்திரைப் பெட்டிகளைக் கண்டாள். பக்கத்திலிருந்த படத்தையும் எடுத்துப் பார்த்தாள்.

"இது யாருமே இல்லடா, பாவி. போன கிறிஸ்துமஸுக்கு நான் வாங்கிட்டு வந்த ஃபிரேமுக்குள்ள இருந்த படம். கடையில அழகுக்கு வெச்சு விக்கிறது."

தாளைத் தடவிப் பார்த்திருந்தாலே அது புதிதாக அச்சடித்த படம் என்று எனக்குத் தெரிந்திருக்கும். தடவிப் பார்க்கவில்லை.

ஆம், அவரைத் துடிக்கவிட்டுச் சாகடித்தவன் நான்தான். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் அலமாரியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். போன சனிக்கிழமை பாதிரியார் எவ்தோக்கியாவின் பெயரையும் வாசித்தார். அக்கா ஆயிரம் சொல்லட்டும், ஐயா. அப்பா என்னிடம் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.